ஜெர்மனுக்குப் போக இங்கிலீஷ் வழிதானா?

"முதல்ல இங்கிலீஷ் கிராமரைச் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் பி1 சேரலாம்." கோவையில் ஒரு ஜெர்மன் பயிற்சி மையத்தில் என் பெரியம்மா பேத்தியிடம் இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் தாராபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில் தமிழ் வழி. அதற்கப்புறம் டிப்ளமோ நர்சிங் முடித்து, ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவும் பகலுமாக மாறி மாறி டூட்டி பார்க்கிறாள். ஏ1, ஏ2 என்ற முதல் இரண்டு நிலைகளையும் எப்படியோ மனப்பாடத்தில் தாண்டிவிட்டாள். மூன்றாவதான பி1 வந்ததும் நின்றுவிட்டாள். "எனக்கு இங்கிலீஷே ஒழுங்கா வராதுங் சித்தி, ஜெர்மன் எங்க வரப்போகுது?" என்று போனில் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. வேலைக்கு நடுவிலும் சமையலுக்கு நடுவிலும் அதற்குப் பதில் தேடிக்கொண்டே இருந்தேன். அவளுக்குச் சொல்லப்பட்டது தவறு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏன் தவறு என்று அவளுக்குக் காட்டும்படி சொல்ல வேண்டியிருந்தது.

நான் கரூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை இதெல்லாம்தான் எங்கள் பிழைப்பு. ஜனவரி வந்தால் பிராங்க்பர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் என்கிற வீட்டுத்துணிக் கண்காட்சி, கரூர்க்காரர்கள் கூட்டமாகப் போவோம். பையர்களோடு மெயில் எல்லாம் இங்கிலீஷில்தான் ஓடும். ஆனால் அந்த ஊரில் மருந்துக்கடைக்குப் போனாலும், ரயில் ஏன் நின்றது என்று பக்கத்து சீட்டில் கேட்டாலும், தங்கின வீட்டுக்காரம்மாவிடம் ஹீட்டர் ஓடவில்லை என்று சொல்லப்போனாலும் ஜெர்மன்தான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் படித்தேன். படித்த வகுப்புகள் எல்லாமே இங்கிலீஷ் வழி. வகுப்பில் எங்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். நடத்துகிறவரும் தமிழர்தான். ஆனாலும் விளக்கம் முழுக்க இங்கிலீஷில் நடக்கும், ஜெர்மன் வாக்கியம் இங்கிலீஷ் வாக்கியத்திலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்ற கணக்காகவே நடக்கும்.

மொழித்திறனை அளக்க ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஆறு படி அளவுகோலில் பி1 மூன்றாவது படி. அந்தப் படியில் ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்லவும், தன் கருத்துக்கும் திட்டத்துக்கும் சுருக்கமாகக் காரணம் சொல்லவும் முடிய வேண்டும். இந்தக் 'காரணம்' என்பதில்தான் இலக்கணமே வந்து நிற்கிறது. ஏ2 வரைக்கும் "எனக்கு அப்பாயின்ட்மென்ட் வேணும்", "வெள்ளிக்கிழமை முடியாது" என்று துண்டு துண்டாகச் சொல்லி ஒப்பேற்றலாம். நிஜத்தில் ஒரு டாக்டர் கிளினிக் வரவேற்பறைக்குப் போன் போட்டால் நமக்குச் சொல்ல வேண்டியது இது: "வெள்ளிக்கிழமை டூட்டி இருக்கறதால வர முடியாதுங்க, அடுத்த வாரம் எதாவது காலியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியுங்களா?" இந்த ஒரு பேச்சுக்குள் காரணம் இருக்கிறது, மறைமுகக் கேள்வி இருக்கிறது, பணிவான வேண்டுகோள் இருக்கிறது. ஜெர்மன் பி1 இலக்கணத்தின் பெரும்பகுதி இதுதான். ஔஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் பி1 கேட்கிறார்கள், நர்ஸாகத் தகுதி அங்கீகாரம் வாங்கப் பொதுவாக பி2 வேண்டும். பி1-ல் இந்த வாக்கிய அமைப்பு உள்ளே இறங்காவிட்டால் பி2 வெறும் சுவர்.

அன்றைக்கு எழுதிக்காட்டிய ஒரு வரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கரூருக்கு வந்திருந்தாள். ஈரோட்டு பஸ்ஸில், இரவு டூட்டி முடித்த கண்ணோடு. முன்தினம் ஆன்லைன் வகுப்பு ஒன்று இருந்தது, அதில் அவள் இல்லை. ஏன் கண்ணு போகல என்று கேட்டேன். "எனக்குத் தலை வலிச்சதால போகலீங் சித்தி" என்றாள். அந்த வரியையே ஒரு பழைய சாம்பிள் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். எனக்கு, தலை, வலிச்ச, தால. நான்கு துண்டு. அதற்கு நேர் கீழே ஜெர்மனை எழுதினேன். 'எனக்கு' என்பதற்குக் கீழே மிர். 'தலை'க்குக் கீழே டெர் கோப்ஃப். 'வலிச்ச' என்பதற்குக் கீழே வேகெடான் ஹட். கடைசித் துண்டான 'தால' மட்டும் இடம் மாறி வைல் என்று வரியின் தலைப்பக்கம் போய் நின்றது. வைல் மிர் டெர் கோப்ஃப் வேகெடான் ஹட். மற்ற மூன்றும் போட்டது போட்ட இடத்தில்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல இங்கிலீஷ் எங்கீங் சித்தி வருது?" என்றாள். எங்கேயும் வரவில்லை. வகுப்பில் அவள் இதுவரை செய்துகொண்டிருந்தது என்னவென்றால், மனதில் தமிழில் தோன்றியதை இங்கிலீஷுக்கு மாற்றி, இங்கிலீஷில் நடுவில் நிற்கும் வினையைப் பிடித்துக் கடைசிக்குத் தள்ளி, ஜெர்மன் வரிசைக்குக் கொண்டுவருவது. அந்த ஜெர்மன் வரிசையோ அவள் தமிழில் புறப்பட்ட அதே வரிசை. வினை கடைசிக்குப் போகும் என்பதைப் புத்தகம் விதிவிலக்கு மாதிரி, கவனம் கவனம் என்று கட்டம் போட்டுச் சொல்கிறது. இங்கிலீஷிலிருந்து பார்க்கிறவருக்கு அது விதிவிலக்குதான். அம்மாவிடம் பேசுகிற நாள் முதலாக வினையைக் கடைசியில் வைத்தே பேசிவந்த ஒரு பெண்ணிடம் அதை விதிவிலக்கு என்று சொல்லிக்கொடுத்தால் அவள் தன் நாக்கையே சந்தேகப்படுவாள். அவள் அப்படித்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அன்று மதியம் முழுக்க இதே வேலை. மழை பெஞ்சா என்பதில் உள்ள 'ஆ' வென் ஆகிறது. மழை பெஞ்சும் வந்தான் என்பதில் உள்ள 'உம்' ஓப்வோல் ஆகிறது. அவர் நாளைக்கு வருவார்ன்னு நினைக்கிறேன் என்பதில் உள்ள 'ன்னு' தஸ். வருவாரான்னு தெரியல என்பதில் உள்ள 'ஆன்னு' ஓப். சாப்பிட்டதுக்கு அப்புறம் என்றால் நாஹ்டேம், வர்றதுக்கு முன்னாடி என்றால் பெஃபோர். ஒவ்வொன்றிலும் தமிழ் இணைப்பை வினையின் வாலில் ஒட்டுகிறது, ஜெர்மன் அதைக் கழற்றி முன்னால் நிறுத்துகிறது, வினையைப் பின்னாலேயே விட்டுவிடுகிறது. நெசவுக்குப் பேர்போன சென்னிமலைத் தெருக்களில் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது இந்தக் கோடியில் ஒரு கட்டை, அந்தக் கோடியில் ஒரு கட்டை நட்டு, நடுவில் நூலை இழுத்துப் பிடிப்பார்கள். அவளிடம் அப்படித்தான் சொன்னேன்: வைல் ஒரு கட்டை, வினை ஒரு கட்டை, நீ சொல்ல வேண்டியதெல்லாம் நடுவில் போகும் நூல். அவளுடைய அப்பாரு தறி ஓட்டினவர். அவளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னும் நுணுக்கமாகப் போனால் வினைக்கு உள்ளேயும் வரிசை ஒத்துப்போகிறது. அவன் வந்திருக்கான் என்பதைப் பிரித்தால் வந்து, இருக்கான். வைல், வென் என்றெல்லாம் தொடங்கும் ஜெர்மன் துணை வாக்கியத்தில் கெகொமன் இஸ்ட். முதலில் வருதல், பிறகு இருத்தல். வேலை செய்ய வேணும் என்பதில் செய்ய முன்னால், வேணும் பின்னால், ஜெர்மனில் அர்பைட்டன் முஸ். வர முடியும் என்றால் கொமன் கன். இங்கிலீஷில் இந்தத் துணைவினைகள் எல்லாம் தலைகீழாக முன்னால் நிற்கும். ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தமிழில் வந்திருக்கேன், சாப்பிட்டிருக்கேன், பாத்திருக்கேன் எல்லாவற்றுக்கும் 'இரு' ஒன்றே போதும். ஜெர்மனில் போவது, வருவது, எழுவது, தூங்கிப்போவது, இறப்பது போன்ற நகர்வும் நிலைமாற்றமும், கூடவே தங்குவதும் இருப்பதும் மட்டும்தான் ஸைன் என்கிற 'இரு'வோடு சேரும். சாப்பிடுவது, பார்ப்பது, எழுதுவது போன்ற பெருங்கூட்டம் ஹாபன், அதாவது 'வைத்திரு' பக்கம் போய்விடும். தமிழர் வாயில் ஸைன் அளவுக்கு மீறி வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காரணம் தெரிந்தால் திருத்துவது எளிது.

பவணந்தியிடம் கேட்டால்

வேற்றுமைக்கு வருவோம். ஜெர்மனில் நான்கு வேற்றுமை. எட்டு வேற்றுமை படித்து வந்த நமக்கு நான்கு என்றால் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் வகுப்பில் பயப்படுகிறோம். இங்கிலீஷில் வேற்றுமை உருபு ஏறக்குறைய உதிர்ந்துவிட்டதால், இங்கிலீஷ் வழியாக டாடிவ் என்றால் என்ன என்று விளக்கப்போனால் ஆசிரியர் படாத பாடு படவேண்டும். தமிழில் அது 'கு'. எனக்கு, உனக்கு, அவருக்கு. எனக்குக் குளுருது, மிர் இஸ்ட் கால்ட். எனக்கு இந்தச் சேலை பிடிச்சிருக்கு, மிர் கெஃபெல்ட். எனக்கு ருசிக்குது, மிர் ஷ்மெக்ட். எனக்கு ஞாபகம் வந்துருச்சு, மிர் இஸ்ட் ஐன்கெஃபாலன். குளிரும் வலியும் ருசியும் ஞாபகமும் ஆள்மேல் வந்து இறங்குகின்றன, ஆள் அவற்றைச் செய்வதில்லை என்ற பார்வை இரண்டு மொழிக்கும் பொது. ஒரு நர்ஸுக்கு அன்றாடம் வேண்டியதே இந்த வாக்கியங்கள். நோயாளி எங்கே வலிக்கிறது, தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா என்று சொல்வதெல்லாம் மிர் என்று ஆரம்பிக்கும். குமட்டுவதற்கு மிர் இஸ்ட் ஷ்லெஹ்ட், தலை சுற்றினால் மிர் இஸ்ட் ஷ்விண்டெலிஹ். அவள் இதைக் கற்க நேரமே எடுக்கவில்லை.

ஆனால் 'கு' என்றாலே டாடிவ் என்று பிடித்துக்கொண்டால் ஓர் இடத்தில் மாட்டுவோம். ஒன்பது இடச்சொற்கள் ஜெர்மனில் இரண்டு வேற்றுமையையும் ஏற்கும்: அன், ஔஃப், ஹின்டர், இன், நேபன், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன். ஒன்று ஓரிடத்தில் கிடந்தால் டாடிவ், ஓரிடத்தை நோக்கிப் போனால் அக்குஸாடிவ், அதாவது நம் இரண்டாம் வேற்றுமை. நம் மனதில் போகிற இடத்துக்குத்தான் 'கு' வருகிறது: ரூமுக்குப் போறேன், கடைக்குப் போறேன். அதனால் போகிற இடத்தில் டாடிவ் போடத் தோன்றும். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியது பள்ளிக்கூடத்தில் படித்த நன்னூல். இரண்டாம் வேற்றுமைக்குப் பவணந்தி முனிவர் சொல்லும் பொருள்கள்: ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை. அதில் மூன்றாவதைப் பாருங்கள், அடைதல். ஊரை அடைந்தான். போய்ச் சேரும் இடம் செயப்படுபொருளாக, 'ஐ' உருபோடு நிற்கிறது. உருபு மறைந்தும் நிற்கும்: வீடு வந்து சேர்ந்தான். நம் பக்கத்துப் பேச்சில் இது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டால் "ஈரோடு போறனுங்க" என்போம், 'கு' போடாமல். இருக்கிற இடமென்றால் "ஈரோட்டுல இருக்கறனுங்க". ஈரோடு போறனுங்க என்பது அக்குஸாடிவ், ஈரோட்டுல என்பது டாடிவ். இப்படிச் சொன்னதும் அவள் இன் டாஸ் ட்ஸிமர் (ரூமுக்குள்ளே), இன் டேம் ட்ஸிமர் (ரூமுல) இரண்டையும் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

சீயகங்கன் என்ற குறுநில மன்னன் கேட்டுக்கொள்ள நன்னூல் எழுதிய பவணந்தி சனகாபுரத்துக்காரர், அந்தச் சனகாபுரம் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்வார்கள். சீனாபுரம் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் மாட்டுச்சந்தைதான் நினைவுக்கு வரும். அந்த மண்ணில் ஒருவர் உட்கார்ந்து நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது முதலில் எடுத்துக்கொண்டது 'கொடை'. டாடிவ் என்ற பெயரும் லத்தீனில் கொடுத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. ஜெர்மனில் கேபன் என்றால் யாருக்குக் கொடுக்கிறோமோ அவர் டாடிவில் நிற்பார். தூரத்து இரண்டு இலக்கண மரபுகள் ஒரே இடத்தில் கை வைத்திருக்கின்றன. இதைச் சொல்லிக்கொடுத்தால் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதுகு நிமிரும். ஆறாம் வகுப்பிலிருந்து படித்த வேற்றுமையும் எச்சமும் புணர்ச்சியும் வீணான படிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

மரியாதை எங்கே உட்காருகிறது

கொங்கு நாட்டாருக்கு மரியாதையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆமாங்க, இல்லீங்க, எப்பங்க, அப்படீங்களா என்று எந்தச் சொல்லிலும் 'ங்க' ஒட்டிக்கொள்ளும், பெரியவர் சின்னவரிடமும் சொல்வார். இதனாலேயே ஜெர்மன் பேசும்போது நமக்கு ஒரு தட்டுப்பாடு. ஒட்டுவதற்கு 'ங்க' இல்லை. டூ, ஸீ என்ற நீ, நீங்க வித்தியாசத்தை எல்லோரும் முதல் நாளே கற்றுவிடுகிறார்கள், பிட்ட என்று ஒரு தயவுசெய்து போடவும் கற்றுவிடுகிறார்கள். ஆனால் ஸீ போட்டு, பிட்ட போட்டு ஏவல் வினையில் பேசினால் அது இன்னமும் கட்டளையாகத்தான் கேட்கிறது. இஷ் வில் என்றால் 'எனக்கு வேணும்' என்று அடித்துச் சொல்வது. ஜெர்மனில் மரியாதை வினையின் உருவத்தில் உட்காருகிறது. கொன்யுங்க்டிவ் 2 என்று பாடப்புத்தகம் சொல்லும் வடிவம் அதற்குத்தான். இஷ் ஹெட்ட கெர்ன், க்யோன்ட்டன் ஸீ, வ்யூர்டன் ஸீ. அவளுக்கு நான் கொடுத்த வழி இது: உன் வாயில் 'முடியுங்களா' என்று எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் க்யோன்ட்டன் ஸீ போடு. கடையிலோ ஓட்டலிலோ 'வேணுங்க' என்று வருமிடத்தில் இஷ் ஹெட்ட கெர்ன் போடு. 'கொஞ்சம்' என்று நாம் சேர்ப்போமே, கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் பாருங்க, அங்கே மால் என்ற சின்னச் சொல் வரும். "இருங்களேன், டீ குடிச்சுட்டுப் போலாம்" என்பதில் உள்ள அந்த 'ஏன்' இருக்கிறதே, அதன் இடத்தில் டொஹ். ப்ளைபன் ஸீ டொஹ் நொஹ். இந்த மாதிரிச் சின்னச் சொற்களைப் பரீட்சைக்காகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அக்கம்பக்கத்துப் பேச்சில் உறவை ஈரமாக வைப்பது அவைதான்.

கொன்யுங்க்டிவுக்கு இன்னொரு வேலை, நடக்காததைப் பேசுவது. இங்கே தமிழிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மறைவான சிக்கல் உண்டு. 'நேரம் இருந்தா வருவேன்' என்றால் வரக்கூடும் என்றும் பொருள், நேரம் இல்லை அதனால் வரப்போவதில்லை என்றும் பொருள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஜெர்மன் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது. வென் இஷ் ட்ஸைட் ஹாப என்றால் உண்மையான வாய்ப்பு, வென் இஷ் ட்ஸைட் ஹெட்ட என்றால் நேரம் இல்லை. ஒருவர் நம்மை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிடும்போது எதைச் சொல்கிறோம் என்பதில் அவர் நமக்கும் சேர்த்துச் சமைப்பாரா மாட்டாரா என்பது இருக்கிறது. இதைப் புரியவைக்க நான் இறந்த காலத்திலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் அங்கே தமிழும் தெளிவாகப் பிரிக்கிறது. 'நேரம் இருந்திருந்தா வந்திருப்பேன்' என்றால் வரவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வென் இஷ் ட்ஸைட் கெஹாப்ட் ஹெட்ட, வேர இஷ் கெகொமன். இதைப் பிடித்துக்கொண்டு நிகழ்காலத்துக்கு இறங்கினால் ஹெட்டவும் வ்யூர்டவும் இயல்பாக விழும். பாடப்புத்தகங்கள் நிகழ்காலத்தில் தொடங்கிக் கடைசியில் இறந்த காலத்துக்கு வருகின்றன. நம்மவர்களுக்கு வரிசையை மாற்றினால் நல்லது என்பது என் எண்ணம்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள்

எல்லாமே தமிழில் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டெர், டீ, டாஸ் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பால் பாகுபாடு நம்முடைய உயர்திணை, அஃறிணைக்குள் அடங்காது. உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடிந்தால் பெண்பால், ஷென் என்று முடிந்தால் ஒன்றன்பால் என்று சில வால்கள் கைகொடுக்கும், மீதியைச் சொல்லோடு சேர்த்தே மனதில் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. பெயரடைக்கு வரும் விகுதிகளும் அப்படித்தான். தமிழில் நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல வீடு, எங்கும் 'நல்ல' மாறுவதில்லை. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் நமக்கு அந்நியம். துணை வாக்கியம் முன்னால் வந்தால் உடனே வினை வர வேண்டும், வென் எஸ் ரெக்னெட், ப்ளைப இஷ் ட்ஸு ஹௌஸ. மழை பெஞ்சா என்று தொடங்குவது நமக்குச் சுலபம், அதையடுத்து 'இருப்பேன் நான் வீட்டுல' என்று திரும்புவது சுலபமில்லை. நேத்து போன் பண்ணின அம்மா என்பதில் 'போன் பண்ணின' முன்னால் நிற்கும், ஜெர்மன் அதை அம்மாவுக்குப் பின்னால் வைத்துத் தொடரும். இங்கெல்லாம் பயிற்சிதான்.

ஆனால் எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வகுப்புகளில் பெயரடை விகுதி அட்டவணைகளுக்கு வாரக்கணக்கில் போகிறது. பெயரடையின் வாலில் ஒரு எழுத்து மாறினால் எதிரில் இருப்பவர் நம்மைப் புரிந்துகொள்வார். வினை இடம் தவறினாலோ, ஹாபவும் ஹெட்டவும் குழம்பினாலோ, காரணம் சொல்லத் தெரியாமல் துண்டு துண்டாக நின்றாலோ பேச்சே உடைகிறது. கோதே நிறுவனத்தின் பி1 தேர்வைப் பார்த்தாலும் அதுதான் தெரிகிறது. வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் நூறு புள்ளி, அறுபது எடுத்தால் தேர்ச்சி. பேச்சில் முதல் வேலையே இன்னொருவரோடு சேர்ந்து எதையாவது திட்டமிடுவது. இப்படிச் செஞ்சா என்ன, எனக்கு அது சரிப்படாது ஏன்னா, அப்படீன்னா நீங்க எப்ப வர முடியும் என்றெல்லாம் பேச வேண்டும். எழுத்தில் ஒரு மணி நேரத்தில் மூன்று எழுத வேண்டும்: நண்பருக்கு ஒரு மெயில், ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து, மரியாதையான சின்ன மெயில் ஒன்று. மூன்றிலும் வைல், தஸ், ஓப், வென் இல்லாமல் நகர முடியாது.

கோவையிலும் ஈரோட்டிலும் கரூரிலும் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் தமிழில் விளக்குங்கள். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைக்குச் சொற்களில் ஆதாயம் உண்டு, ஹௌஸ், வாஸர், ஃபிங்கர் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், அதை நான் மறுக்கவில்லை. அந்த ஆதாயம் ஏ1-ல் பெரிது, பி1-ல் வாக்கியம் நீளும்போது சிறுத்துவிடும். அங்கே பெரிய ஆதாயம் தமிழ் வாக்கியம் கட்டத் தெரிந்த பிள்ளைக்குத்தான். அந்தப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, வேறொரு மொழி கற்று வா என்று அனுப்புவது அவளுடைய பணத்தையும் வயதையும் எடுத்துக்கொள்கிறது. விசாவுக்கும் ஒப்பந்தத்துக்கும் கெடு வைத்துக்கொண்டு, நகை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய வீடுகள் பின்னால் இருக்கின்றன. வைல், வென், ஓப்வோல் ஒவ்வொன்றுக்கும் நேராக நம் பேச்சுத்தமிழ் வடிவத்தை எழுதி, எங்கே ஒத்துப்போகும், எங்கே காலை வாரும் என்று சொல்லும் ஒரு சின்னப் பயிற்சி நூல், பி1 அளவுக்கு, யாராவது முறையாக எழுத வேண்டும். என் சாம்பிள் தாள்கள் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்திருக்கின்றன, எழுத வருகிறவருக்கு அப்படியே கொடுப்பேன்.

அவள் வேறொரு பேட்சில் சேர்ந்து பரீட்சை எழுதினாள். கேட்பும் வாசிப்பும் பேச்சும் தேறிவிட்டன. எழுத்து நின்றது. அந்தத் தேர்வில் பகுதிகளைத் தனித்தனியாக எழுதலாம் என்பதால் எழுத்தை மட்டும் மறுபடி எழுதினாள், அதுவும் ஆயிற்று. இப்போது பி2-க்கு ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைக்கும் பேச்சை எடுத்திருக்கிறோம். அங்கே செயப்பாட்டு வினைதான் முழுக்க. 'மருந்து என்னால் கொடுக்கப்பட்டது' என்று பாடப்புத்தகத் தமிழில் தொடங்கினால் அவளுக்கு வாயே திறக்கவில்லை. ஈரோட்டு வார்டில் காலை ஏழு மணிக்கு நீ என்ன சொல்லுவே என்று கேட்டேன். "பிரஷர் பாத்தாச்சுங்க, கட்டு மாத்தியாச்சுங்க, பத்தாம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சுங்க" என்றாள். யார் செய்தது என்ற பேச்சே இல்லை, வேலை ஆனது மட்டும் இருக்கிறது. ஜெர்மன் செயப்பாட்டுக்குத் துணைநிற்கும் வேர்டன் என்ற வினைக்கும் ஆகுதல் என்றுதான் பொருள். பிரஷர் பாத்தாச்சு, டெர் ப்ளூட்ட்ரூக் வுர்ட கெமெஸன். கட்டு மாத்தியாச்சு, டெர் ஃபெர்பான்ட் வுர்ட கெவெக்செல்ட். மீதியை அவளே டூட்டியில் குறித்துக்கொண்டு வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றுகிறோம்.